மில் ஓடிய மத்தியானம்

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியில் மூடிக்கிடந்த ஒரு பருத்தி அரவை மில்லை அதன் முதலாளி ஊருக்கு விட்டுக்கொடுத்தார். பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைத்த கிட்டங்கி நாடக அரங்கமாயிற்று. ஆபீஸ் அறை வாசகசாலை. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அரவைக் கூடத்தில் மட்டும் பழைய மிஷின்களை இருந்தபடியே விட்டிருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டியவர் ஒரு டீச்சர். மில்லின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர். மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவந்தார். கையில் பிரம்போடு முன்னால் நடந்து, "இங்கன பாருங்க, அங்கன பாருங்க" என்று காட்டுவார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலித்ததில்லை. வாசகசாலையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போய்விடுவேன்.

ஒருமுறை பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. டீச்சரிடம் சொன்னேன்.

"நான் சொல்லுததெல்லாம் 'பாருங்க, பாருங்க'ன்னுதான தம்பி இருக்கு. அந்தப் பிள்ளைககிட்ட என்னத்தச் சொல்ல?"

மறுநாள் சாயங்காலம் மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக வந்தார். இருவருமாக மிஷின்களில் அப்பியிருந்த கிரீஸைத் துடைத்தோம். கையைக் கிழிக்கும் இடங்களில் சாக்கு சுற்றிக் கட்டினோம். வாசகசாலைக்கு வரும் நாகலாபுரத்து விவசாயி ஒருவர் ஒரு மூட்டை பருத்தி கொண்டுவந்து போட்டார்.

சனிக்கிழமை டீச்சர் கையில் பிரம்பு இல்லை. பிள்ளைகள் பருத்தியைப் பிய்த்துக் கொட்டையை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வேலையைச் செய்த உருளைகளைத் தடவினார்கள். ஒரு பையன் பெரிய சக்கரத்தைச் சுற்றி வந்து, தொடங்கிய இடம் எதுவென்று தெரியாமல் சிரித்தான்.

அப்போது ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இது ஓடுனா எப்படிச் சத்தம் கேக்கும்?"

மோட்டாரை எப்போதோ விற்றாயிற்று. அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பிள்ளைகளை மூன்று வரிசையாக நிறுத்தினார். ஒரு வரிசை தொடையில் தட்ட வேண்டும். ஒரு வரிசை காலால் மிதிக்க வேண்டும். மூன்றாவது வரிசை, பெல்ட் ஓடுவதுபோல் பல்லிடுக்கில் சீறவேண்டும். கையசைத்தால் அவர்களுக்குத் தெரியாதே. வரிசை வரிசையாகப் போய்த் தோளைத் தொட்டுத் தொடங்கிவைத்தார்.

"இந்தச் சத்தத்துலதான் நான் வளந்தது. மில்லு நின்ன அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வரல" என்றார்.

தகரக் கூரை அத்தனை சத்தத்தையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. என் காலடியில் தரை அதிர்ந்தது. பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் அந்த மில்லிலேயே முன்பு வேலை பார்த்தவர்.

"அண்ணாச்சி, மில்லு திரும்ப ஓடுதா? ஆள் எடுக்காவளா?"

அவரை உள்ளே கூட்டிப்போனேன். பிள்ளைகளைக் கண்டதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் வேகமா இருக்கும் டீச்சர்" என்றார்.

"அப்ப நீங்களும் வாங்க" என்று டீச்சர் அவர் கையைப் பிடித்து முதல் வரிசையில் சேர்த்துவிட்டார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதும் வரை மில் ஓடியது.

மிஷின்களைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்த பலகையை மறுவாரமே டீச்சர் கழற்றிவிட்டார். யாரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை. நாங்களும் ஏனென்று கேட்கவில்லை.