நூற்று எழுபது டெசிபல்

துறைமுகத்தில், தண்ணீருக்குள் இறக்கும் ஒலிபெருக்கி ஒன்றின் பலத்தை அளக்கும் குழுவில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான்தான். அதனால் இரவுச் சாப்பாட்டின்போது வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

"இண்டைக்கு நூற்று எழுபது டெசிபல் வந்தது. நாளைக்கும் அளக்கிறம்" என்றேன்.

அக்காவின் கணவர் கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டுபவர். ஒலி அளக்க ஃபோனில் ஏதோ வைத்திருக்கிறார்.

"மச்சான், என்ர பெட்டி முழுக்கப் போட்டாலே நூற்றுப் பத்துத்தான். அதுக்கே ஐயர் காதைப் பொத்துறார். நூற்று எழுபதெண்டா ஊரே மிஞ்சாது."

கடலடியில் கடலட்டை பொறுக்கச் சுழியோடும் தம்பி பக்கத்தில் இருந்தான். அம்மா அகப்பையை வைத்துவிட்டார். "அப்ப இவன் நாளைக்கு இறங்க வேண்டாம்."

நான் விளக்கினேன். நூறு மீற்றர் தள்ளி அளந்து, ஒரு மீற்றரில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு எடுத்த எண் அது. அதோடு தண்ணீர்க் கணக்கும் காற்றுக் கணக்கும் ஒன்றல்ல. ஒப்பிடுவதென்றால் அறுபத்திரண்டைக் கழிக்க வேண்டும்.

"கழிச்சா நூற்றி எட்டு" என்றார் அத்தான். "என்ர பெட்டிக்குள்ள தலைய வைச்சுக்கொண்டு அட்டை பொறுக்கப் போறியோடா?"

"நீங்கள் போடுற பாட்டைவிட நல்லாத்தான் இருக்கும் அத்தான்" என்றான் தம்பி.

அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இறங்கலாமோ, ஏலாதோ?"

தூரம் போகப் போகக் குறையும் என்றேன். ஆனால் தம்பி இறங்கும் இடம் பாறை. ஒலி அங்கே எப்படித் திரும்பும்? தண்ணீருக்குள் மனிதக் காது எப்படிக் கேட்கும்? நான் படித்ததில் அது இல்லை. "நாளைக்குக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

காலையில் படகில் வைத்து எங்கள் பொறியியலாளரிடம் கேட்டேன்.

"நாங்கள் அளக்கிறது சத்தத்தின்ர பலம். அது ஆளை என்ன செய்யும் எண்டது வேற படிப்பு" என்றார். "ஆனா சத்தம் போடேக்க தண்ணிக்குள்ள ஆக்கள் இருக்கக் கூடாது. அது விதி."

"எவ்வளவு தூரத்துக்கு மிஸ்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "கண்ணுக்கெட்டின மட்டும் ஒருத்தரும் இல்லைத்தானே. சுவிட்சைப் போடுங்கோ."

தம்பி இறங்குவது முனைக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து தெரியாது. ஃபோன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடலுக்குள் இருந்தால் எடுக்கமாட்டான். அம்மா சொல்லைக் கேட்டு வீட்டில் படுத்திருந்தாலும் எடுக்கமாட்டான்.

"என்ன, மெஷினில பிழையோ?"

"தெரியாது மிஸ். கொஞ்சம் பொறுங்கோ" என்று சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, அம்மாவின் எண்ணை அழுத்தினேன்.