ஏணி ஏறாத சாய்வு நாற்காலி

எனக்கு வேலை நாற்காலி பின்னுவது. பிரம்பையோ கயிற்றையோ தொடாமல், கம்ப்யூட்டரில் பின்னுவது. இன்னும் கட்டி முடிக்காத ஃபிளாட்டை அலங்கரித்துப் படமாகக் காட்ட வேண்டுமென்றால் சோபா, விளக்கு, செடி எல்லாம் வேண்டுமல்லவா, அவற்றை மாடலாகச் செய்து அறைக்குள் வைத்துக்கொடுக்கும் ஆபீஸ் ஒன்று செம்பூரில் இருக்கிறது. அங்கே என் தலையில் கட்டியது பின்னல் சாய்வு நாற்காலிகளை. ஒவ்வோர் இழையும் ஒன்றுக்கு மேலே போய் அடுத்ததற்குக் கீழே நுழைய வேண்டும். கண் பூத்துப்போய் முடித்துக் காட்டினால், ரொம்பப் புதுசாகத் தெரிகிறது, யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி கொஞ்சம் தொய்வு கொடு என்பார் மேலாளர். யாரும் உட்காரப்போகாத நாற்காலிக்குத் தொய்வு கொடுத்துக் கொடுத்து என் முதுகுதான் தொய்ந்தது.

வீடு தாராவியில். கீழே தோல் பை தைக்கும் கார்கானா, மேலே ஒற்றை அறையில் அம்மாவும் நானும். ஏறி இறங்க வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலையணைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்தேன், அவை சரிந்து சரிந்து விழுந்தன. அம்மா நிம்மதியாகத் தூங்கி மாதக்கணக்காகிவிட்டது. கேட்டால், "நல்லாத் தூங்குனேன்ட்டீ, நீ ஜோலியப் பாரு" என்பாள். பொய் என்று அவள் கண்ணே சொல்லும்.

அந்தச் சமயத்தில்தான் காட்கோபரில் ஒரு கடையில், நான் மாடல் செய்தது போலவே ஒரு நாற்காலியைப் பார்த்தேன். இரும்புச் சட்டம், கயிற்றுப் பின்னல், காலை நீட்டிக்கொள்ளும் நீளம். உட்கார்ந்து பார்த்த எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. அளவெடுத்துக்கொண்டு வந்து, மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அறையை கம்ப்யூட்டரில் கட்டினேன். கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு, எல்லாம். சின்ன அறையில் கேமராவைப் பின்னுக்குத் தள்ள இடம் போதாது, அதனால் முன்சுவரைத் திரையில் தெரியாமல் மறைத்துவிடுவது எங்கள் வழக்கம். கை தானாகச் செய்துவிடும். சுவரை மறைத்தேன், நாற்காலியை மவுஸால் இழுத்து உள்ளே வைத்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்தியது. வாங்கிவிட்டேன்.

நான் மறைத்த சுவரில்தான் வாசல் இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்த பிறகுதான் உறைத்தது. ரோட்டிலிருந்து சந்து வழியாக இரண்டு ஆட்கள் தூக்கிவந்து ஏணியில் ஏற்றினார்கள். நிமிர்த்தினார்கள், கவிழ்த்தார்கள், பக்கவாட்டில் திருப்பினார்கள். சட்டம் வாசலில் இடித்துக்கொண்டு நின்றது. வெல்டிங் செய்த சட்டம், கழற்றவும் முடியாது. "நஹி ஜாயேகா, மேடம்", உள்ளே போகாது என்று கீழே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாள் முழுக்க அறை அறையாக நாற்காலி போடுகிற எனக்கு ஒரு வாசல் ஞாபகம் வரவில்லையே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

கார்கானா வைத்திருக்கும் பாய் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், அம்மாவை அக்கா என்பார். வெளியே வந்து பார்த்தார்.

"ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கே? இங்ஙன உள்ள கெடக்கட்டும். அக்காவ எறங்கி வரச் சொல்லு."

என் தோளைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி நின்று அம்மா இறங்கினாள். "வேல நடக்க எடத்துல பொம்பள எப்பிடிட்டீ சாஞ்சி கெடக்கது?" என்று கூசினாள். பாய் காதில் விழாதது போல மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா மெல்லச் சாய்ந்தாள், காலை நீட்டினாள். மெஷின்கள் தடதடத்தன, பசை வாடை மூக்கைத் துளைத்தது. கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, மூச்சு சீராக ஏறி இறங்க, அவள் தூங்கிவிட்டிருந்தாள். தோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது.

பொழுது சாய்ந்தது. வேலை செய்கிறவர்கள் படுப்பதும் அங்கேயேதான். பாய் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார், நாற்காலியைச் சுற்றியே கூட்டினார், ஒரு வேலையை இரண்டு தடவை செய்தார். கடைசியில் என் பக்கம் வந்து, "ஆளுவளுக்குப் படுக்க எடம் வேணும்லா" என்றார் தணிந்த குரலில்.

அம்மாவின் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தாள்.

"விடிஞ்சிட்டாட்டீ?"

"இல்லம்மா. மேல போணும்."

அவள் ஏணியைப் பார்த்தாள். பிறகு காலால் செருப்பைத் தேடினாள்.