ஏழு பூச்சியங்கள்

என் மகள் நோர்வேயில் ஐஸ் நிறுக்கிறாள் என்றுதான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எல்லோரும் நம்புகிறார்கள். அடுத்த வளவுக்காரர் ஒருநாள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார்.

"மாஸ்ரர், உங்கடை பிள்ளை உந்த ஐஸை வெட்டியோ நிறுக்கிறது, வெட்டாமலோ?"

"வெட்டாமல்தான்."

"அப்ப தராசு பெரிசாயிருக்கும், என்ன?"

முப்பத்தேழு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு அயலில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான். தராசு சிறியது. சோற்றுப்பானையளவு பெட்டி ஒன்று. உள்ளே ஒரு சுருளிவில்லில் சிறு நிறை தொங்குகிறது. கீழே பாறை கிடந்தால் பூமி அந்த நிறையைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். பாறையின் இடத்தில் இலேசான பனிக்கட்டி கிடந்தால் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அந்தக் குறைவைக் கொண்டு, பனிக்கட்டியாறு எத்தனை மீற்றர் தடிப்பு என்று கணக்கிடலாம். வில் களைத்து அளவு வழுவும் என்பதால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். என் மகள் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வருவது அந்தப் பனியில் மட்டும்தான். கொக்குவிலுக்கு வந்தது ஆறு வருடத்தில் இரண்டு தடவை, மொத்தம் இருபத்துமூன்று நாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தாள். குரல் சரியில்லை. ஓரிடத்தில் பனி 212 மீற்றர் தடிப்பு என்று அவளுடைய கணக்கு சொல்லியிருந்தது. வேறொரு குழு அதே இடத்தில் சுடுநீரால் துளைத்தபோது 181 மீற்றரிலேயே பாறை தட்டிவிட்டதாம்.

"முப்பத்தொரு மீற்றர் எங்கை போனது?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை அப்பா. வெள்ளிக்கிழமை கூட்டம். அதிலை காரணம் சொல்லாட்டில் என்ரை வேலையை நீட்டமாட்டினம். அங்கைதான் வரவேண்டி வரும்."

அவள் அதைச் செத்தவீட்டுச் செய்தி போலச் சொன்னாள். பக்கத்தில் நின்ற என் மனைவிக்கோ அது கலியாணவீட்டுச் செய்தி. "வரட்டும். இஞ்சை பள்ளிக்கூடங்கள் இல்லையோ படிப்பிக்க?" என்றாள். மத்தியானத்துக்குள் மகளின் அறையில் காயக் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயப் பிடிகள் பதினெட்டும் வெளியே வந்துவிட்டன.

"கணக்கை அனுப்பு பிள்ளை, பாப்பம்" என்றேன்.

"உங்களுக்கு விளங்காது அப்பா."

பெருக்கலும் வகுத்தலும் யார் படிப்பித்தது என்பதைத்தான் பட்டம் வாங்கிய பிள்ளைகள் முதலில் மறக்கிறார்கள். திங்கட்கிழமை அனுப்பினாள். சந்திக் கடையில் அச்செடுத்தேன், பதினொரு பக்கம். முக்கால்வாசி விளங்கவில்லை என்பது உண்மை. ஆனால் எண்ணுவதற்கு விளங்கத் தேவையில்லை. அளந்த இடங்கள் 64. உயரத் திருத்தங்கள் 64. தரைத்தோற்றத் திருத்தம் என்ற நிரலில் மட்டும் 57 எண்கள், ஏழு பூச்சியங்கள்.

தரைத்தோற்றம் என்பது சுற்றியுள்ள மலைகளின் கணக்கு. பக்கத்தில் மலை நின்றால் அதுவும் நிறையைச் சற்று மேல்நோக்கி இழுக்கும். அதைத் திருத்தாவிட்டால் கீழே பனி கூடுதலாகக் கிடப்பதுபோலத் தோன்றும். அந்த ஏழு இடங்களும் ஒரு செங்குத்து மலைச்சுவரின் காலடியில் இருந்தன. துளைத்த இடம் அவற்றில் ஒன்று.

கணினியில் இருக்கும் அந்தக் கணக்குத் தாளை எனக்குத் தெரியும். மாணவியாக இருந்தபோது வட்டுக்கோட்டை வயல்களுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லை அளக்க, எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து அவள் செய்தது. நிரப்பாத கட்டத்தில் தானாகவே பூச்சியம் விழும். இங்கே அது முழுச் சரி. எங்களுக்கும் கீரிமலை என்று ஒன்று உண்டு; அங்கே இருப்பது ஒரு கேணி. பனைமரத்துக்கு மேல் எதையும் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத ஊரில் செய்த தாளை, மலைகளுக்கு நடுவே கொண்டுபோய் விரித்திருக்கிறாள். பிறகு நிரப்பலாம் என்று ஏழு கட்டங்களை விட்டிருக்கிறாள். தாள் தன் பழக்கப்படி, அங்கே மலை இல்லை என்று எழுதிவிட்டது.

இதை நான் கண்டுபிடித்தது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. உடனே தொலைபேசியை எடுத்தேன். மகளின் அறையில் என் மனைவி யன்னலுக்குச் சீலை அளந்துகொண்டிருந்தாள். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மறுபடி எண்ணினேன். ஏழுதான். பரீட்சையில் விடை சொல்லிக்கொடுப்பது குற்றம் என்று முப்பத்தேழு வருடம் மேற்பார்வை செய்தவன் நான். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? வியாழக்கிழமை அவளே அழைத்தாள்.

"தாளைப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். கன எண் கிடக்குது."

சிரித்தாள். "நான் சொன்னனான்தானே, உங்களுக்கு விளங்காது எண்டு."

மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உறுத்தியது அந்தச் சிரிப்பு. வெள்ளிக்கிழமை அங்கே விடியும்வரை காத்திருந்து அழைத்தேன்.

"பிள்ளை, ஏழு பூச்சியம் இருக்குது. மலையை விட்டிட்டாய்."

பத்தொன்பது வரை எண்ணினேன். பிறகுதான் "ஐயோ அப்பா" என்ற சத்தம் வந்தது. நாற்பது நிமிடத்தில் திருப்பி அழைத்தாள். திருத்திய கணக்கில் 184 மீற்றர்.

"இன்னும் மூண்டு மீற்றர் இடிக்குதே?"

"உந்தளவு பிழை ஆருக்கும் வரும் அப்பா."

என் வகுப்பில் வந்திருக்காது. எப்படியோ, பின்னேரம் கூட்டம் முடிந்து மீண்டும் அழைத்தாள். வேலை மூன்று வருடத்துக்கு நீட்டப்பட்டுவிட்டது.

"அப்பா, நீங்கள் உந்தப் பிழையை எப்ப கண்டனீங்கள்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். "செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"செவ்வாயோ?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், குளிருக்குள் போகவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"செவ்வாய்க்கிழமையே தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம்."

பெற்ற பிள்ளையின் வேலை போகப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன் என்று ஏசப்போகிறாள் என நினைத்துத் தலையைக் குனிந்தேன்.

"மூண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்தானே," என்றாள். "நாலாம் நாளும் இருந்திருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

மூன்று வருடம் என்றால் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள். இடையில் லீப் வருடம் வந்தால் ஒன்று கூடும். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.