பிலோமினா அக்காவின் சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு நிகழ்ச்சி. காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் எங்கள் இடம். நீங்கள் வந்தால் டீ உண்டு. குழந்தைகளுக்கு மூன்றாவது கண்ணைத் திறந்துவிடும் பயிற்சி வகுப்பாம். எட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு வெல்வெட் பட்டையால் கண்ணைக் கட்டி, எதிரே கலர் பென்சில்களை நீட்டினார்கள். அவள் முகவாயை லேசாகத் தூக்கிக்கொண்டு "ரெட்" என்றாள், "ப்ளூ" என்றாள். எல்லாம் சரி. கூட்டம் கைதட்டியது.

எனக்கு மட்டும் மூக்கோரம் அரித்தது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்குக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். அதன் அருமை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் நானும் கண்ணைக் கட்டிக்கொண்டு ராயபுரத்தில் பேர் வாங்கியவள்தான். என்ன, எனக்கு அந்தச் சந்து தேவைப்படவில்லை. எனக்கு லூர்து அண்ணன் இருந்தான்.

அண்ணன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஞாயிறு பூசை தவறாதவன். ஆனால் எந்த இயந்திரத்தைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான். வீட்டு ரேடியோவை மூன்று முறை பிரித்து இரண்டு முறை சேர்த்தவன். அப்போது கடற்கரைப் பக்கம் மோடி மஸ்தான் ஒருவன் வருவான். ஒரு பையனைப் படுக்கவைத்துக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, கூட்டத்தில் ஒருவர் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து, "இது இன்னாது?" என்று கேட்பான். துணிக்குள்ளிருந்து பதில் சரியாக வரும். எல்லோரும் வாயைப் பிளந்தோம். அண்ணன் எட்டு ஞாயிறு தொடர்ந்து போய் நின்று காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. பதிலு கேக்குற விதத்துலயே கீது," என்றான் ஒருநாள்.

அதையே எங்களுக்கும் செய்துகொண்டோம். "சீக்கிரம் சொல்லு" என்றால் வாட்ச். "பாத்து சொல்லு" என்றால் மூக்குக்கண்ணாடி. "நல்லா யோசி" என்றால் சீப்பு. ஒன்றும் கேட்காமல் இருமினால் ஜெபமாலை. இப்படி நாற்பது பொருள். நான் திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலையிலிருந்து வந்ததும், நான் பாத்திரம் தேய்க்க அவன் பக்கத்தில் நின்று கேட்பான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "அண்ணன் இருமுறான், தங்கச்சி ஜெபமாலைன்றா. இன்னா கூத்துடா இது?"

கிறிஸ்துமஸ் வாரத்தில் தெரு விளையாட்டு விழா. அண்ணன் போட்ட திட்டம், முதலில் வித்தையைக் காட்டுவது, பிறகு மைக்கில் ரகசியத்தை உடைப்பது. இனிமேல் இந்தத் தெருவில் யாரும் ஏமாறக் கூடாது என்று அவனுக்கு ஆசை. வித்தை பிரமாதமாகப் போயிற்று. பங்குச் சாமியாரின் பையில் இருந்த இருமல் மிட்டாயைக்கூடச் சொல்லிவிட்டேன். அண்ணன் பெருமையாக மைக்கைப் பிடித்து, "அன்பான பெரியோர்களே" என்றான். அடுத்தது மியூசிக்கல் சேர். மைக் செட்காரர் பாட்டைப் போட்டுவிட்டார். பெரியோர்கள் நாற்காலியைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் முதல் அண்ணன் வீடு வீடாகப் போய் விளக்கினான். ஒருவர் நம்ப வேண்டுமே! "உன் தங்கச்சிக்கு அருள் கீது லூர்து. நீ ஏன் மறைக்கிற?" என்று அவனையே சமாதானப்படுத்தினார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. குழாயடியில் என் குடத்துக்கு முதல் இடம். பஸ்ஸில் உட்கார இடம். காணாமல்போன மூக்குத்தி, பிள்ளையின் பரீட்சை, பெண்ணின் கல்யாணம் என்று கேட்டு வந்தார்கள். வரும்போது வஞ்சிரத் துண்டும் வந்தது. நான் எதையும் துணிந்து சொல்லவில்லை. கண்ணை அரைவாசி மூடி, "நல்லதே நடக்கும்" என்பேன். அந்த அரைவாசிக் கண்ணைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியதும் உண்டு. அண்ணன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் பிலோமினா அக்கா வந்தாள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவள், நல்ல வாய்க்காரி. அவள் புருஷன் சவரி அண்ணனும் இன்னும் மூன்று பேரும் கடல் தொழிலுக்குப் போன படகு பதினோரு நாளாகத் திரும்பவில்லை. மற்ற படகுக்காரர்கள் மூன்று நாள் தேடிவிட்டு வந்துவிட்டார்கள். பூசை முடிந்து வந்த ஞாயிறு, வெயில் ஏறிய நேரம். அக்கா பின்னால் பாதித் தெரு நின்றது. அவள் கையில் சவரி அண்ணனின் துண்டு.

"இத்தால கட்டிக்கினு பாரு பாப்பா. எங்க கீறாரு, எப்ப வருவாரு, ஒரே வார்த்த சொல்லு."

அவளே என் கண்ணைக் கட்டினாள். டீசல், உப்பு, பீடி எல்லாம் கலந்த வாசனை. உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனின் வாசனை அது. உள்ளே ஒரே இருட்டு. "வருவார்" என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அக்கா என் கையை முத்தமிட்டிருப்பாள். சொல்லிவிட்டு அவர் வராமல் போனால்? அதைவிட, நான் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால்?

"அக்கா, மொதல்ல உன் கையில ஒரு பொருள வெச்சிக்கினு நீயே எங்கிட்ட கேளு," என்றேன்.

"இது இன்னாது?"

"தெரியல."

"இது?"

"தெரியல."

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பொருளை அவள் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சத்தமாக, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, "தெரியல" என்றேன். எட்டு முறை. அவற்றில் ஒன்று ஜெபமாலை என்று பிறகு தெரிந்தது. அண்ணன் அங்கேதான் நின்றான், அவன் இருமவில்லை. யாரோ சிரித்தார்கள். துண்டுக்குள் என் முகம் எரிந்தது. பிறகு அப்படியே நின்றபடி, வாட்சிலிருந்து இருமல் வரை எங்கள் ரகசியக் குறிப்பு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அக்கா துண்டை உருவினாள். "பாவி! ஒரு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாமேடி!" என்று கத்திவிட்டு, எங்கள் வாசற்படியிலேயே குந்தி அழுதாள். நானும் அழுதேன்.

அண்ணன்தான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டான். "படக காணோம்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தியாக்கா?"

இல்லை. குறி சொல்கிறவன் ஒருவன், வெள்ளிக்கிழமை வந்துவிடுவார், அதற்குள் எழுதிக் கொடுத்தால் கெட்டது நடக்கும் என்று சொல்லியிருந்தான். நாலு வீட்டுப் பெண்களும் அதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளி போய்விட்டது. அது இந்த வெள்ளி இல்லை, அடுத்தது என்றானாம். அண்ணன் அப்போதே காகிதம் எடுத்து நாலு பேர் பெயரையும் எழுதினான். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு மீன்வளத்துறை ஆபீஸ், துறைமுகம், போலீஸ் என்று ஏறி இறங்கினான். மூன்றாம் நாள் தகவல் வந்தது. இன்ஜின் நின்றுபோய்ப் படகு ஆந்திரக் கரையில் ஒதுங்கியிருந்தது. நாலு பேரும் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தார்கள். சவரி அண்ணன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அவர் அங்கிருந்து போட்ட கார்டு, அவர் வந்து இரண்டு நாள் கழித்து வந்தது.

எங்களால்தான் பிழைத்தார்கள் என்று மார்தட்ட மாட்டேன். ஆனால் அந்த எட்டுத் "தெரியல"வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நாற்பது பொருளைச் சரியாகச் சொன்னதுகூட எனக்கு அத்தனை பெருமை இல்லை.

தெரு திருந்தியதா என்றால், அதுதான் இல்லை. "அவளுக்கு அன்னிக்கே தெரிஞ்சிக்கீது, வாய்விட்டு சொல்லல" என்று புதுக் கதை கட்டிவிட்டார்கள். அப்போது குழாயடியில் குடத்தை டங்கென்று வைத்துவிட்டு ஒரு குரல் எழுந்தது. "அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது! அத அவளே எங்கிட்ட சொன்னா, எட்டு வாட்டி சொன்னா. வேற எவனாச்சும் சொன்னானா?" பிலோமினா அக்கா. அன்றிலிருந்து யார் என்னைத் தேடி வந்தாலும் அவளைத் தாண்டித்தான் வரவேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும், "தங்கமான பொண்ணு, ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவைக்க, என் மாமியார் சமையலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கு வருகிறேன். நிகழ்ச்சி முடிந்து, பெரியவர்கள் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். அண்ணனுக்குக் கிடைக்காத மைக். "நானும் சின்ன வயசுல கண்ணக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் சொல்லியிருக்கேன்" என்று ஆரம்பித்தேன். அதற்கே கைதட்டல். "மேடத்துக்கும் அந்தப் பவர் இருக்கு!" என்றார் பயிற்சியாளர். இல்லை, இல்லை என்று நான் கையை ஆட்டுவதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள். குழந்தைகள் ஆட வந்துவிட்டார்கள். அதனால்தான் மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் குழாயடி இப்போது இல்லை. சவரி அண்ணனின் படகு நின்ற மணலில் கருங்கல் கொட்டி ரோடு போட்டுவிட்டார்கள். லூர்து அண்ணன் போய்ப் பல வருஷமாகிறது. பிலோமினா அக்கா போன மழைக்காலத்தில் போனாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதுகூட, பக்கத்துக் கட்டில்காரியிடம் என்னைக் காட்டி, "இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பெருமையாகச் சொன்னாள். போன ஞாயிறு அந்தப் பாட்டுச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து அதைச் சொல்ல, கூட்டத்தில் ஒருவரும் இல்லை.