கற்பூரம் மணத்த ஜன்னல்

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன். இருபது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டியவளுக்கு வண்டி ஒரு விஷயமா? திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதுதான் முடியாது. கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத மனுஷன், டுரியான் துங்கால் ஊரில் என் வீட்டுப் பின்னறையில் இருந்தார். எதையும் கேட்டவரில்லை. போன வருஷம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, அப்பா காரை உம்பாய் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி கடலோரமா நிறுத்து. நான் அப்பா சீட்டுல உக்காந்து, அந்தப் பழைய ஜன்னல் வழியா மழையப் பாக்கணும். ஒரே ஒரு தடவ."

அப்பா ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். துரை சீமைக்குக் கப்பலேறியபோது தன் ரெண்டு சீட் ஓப்பன் காரை அப்பாவிடம் விட்டுப் போனார். அதில் கண்ணாடி ஏற்றி இறக்குவதெல்லாம் கிடையாது. மழை வந்தால் துணிக்கூரையை இழுத்துவிட்டு, கதவின்மேல் ஒரு ஜன்னலைச் செருக வேண்டும். இரும்புச் சட்டம், சுற்றிலும் கித்தான், நடுவில் பிளாஸ்டிக் மாதிரி, ஊடே பார்க்கக்கூடிய ஒரு தகடு. சின்ன வயதில் அண்ணன் மழையில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, அந்தத் தகட்டுக்குப் பின்னால் அப்பா முகம் மங்கலாகப் போவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே உட்கார்ந்து வெளியே பார்த்ததே இல்லை. துரை வண்டியில் கூலிக்காரப் பிள்ளை ஏற முடியுமா? வண்டி எங்களுடையதானபோது பெட்ரோல் ஊற்ற வக்கில்லை; கொட்டகையிலேயே கிடந்துபோனது.

இன்ஜினை ஒரு மெக்கானிக் உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டார். ஜன்னல்தான் பாடாய்ப் படுத்தியது. இடது பக்கத்து ஜன்னலை எலி தின்றுவிட்டது. டிரைவர் பக்கத்து ஜன்னலை அப்பா ரப்பர் ஷீட்டில் சுற்றி வைத்திருந்ததால் அது மட்டும் பிழைத்துக் கிடந்தது, தேத்தண்ணி நிறத்தில். சீட் தைக்கிற கடைக்காரன், "புதுசு போட்டுரலாம் ஆன்ட்டி, பளிச்சுனு இருக்கும்லா" என்றான். உன் பளிச்சை நீயே வைத்துக்கொள் என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம். பழைய தையலைப் பிரித்தேன், சட்டத்துத் துருவைச் சுரண்டினேன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அண்ணன் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, பற்பசை தொட்ட துணியால் மெல்லத் தேய்ப்பார். பத்து நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். ஒருநாள் அதை மூக்கருகே கொண்டுபோனவர், "மோந்து பாரு, கோயில் வாசன வருது" என்றார். ஆமாம், தேய்த்த சூட்டில் அப்படியே கற்பூர வாசனை. எனக்குப் புல்லரித்துவிட்டது. சாமியே உத்தரவு கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தகட்டை மறுபடி சட்டத்தில் பொருத்தி, புதுக் கித்தான் வைத்துக் கையாலேயே தைத்து முடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி காரருகே வந்தார். ஜன்னல் மாட்டியிருந்தது. நான் பூஜைத் தட்டோடு நின்றேன்.

"வேணாம்லா தங்கச்சி. மழ வந்துரும், போலாம்."

"சும்மா இருங்கண்ணே. கற்பூரம் காட்டாம வண்டி எடுப்பாங்களா? வேனுக்கு வருஷா வருஷம் காட்டுனேன், ஒரு கீறல் விழல."

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். முகப்புக்குச் சந்தனம், குங்குமம். கற்பூரம் ஏற்றி முன்னால் காட்டினேன். அதோடு விட்டேனா? பாடுபட்டதெல்லாம் ஜன்னலுக்குத்தானே என்று அதற்குத் தனியாகச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் காற்றடித்துச் சுடர் சாய்ந்தது.

புஸ்ஸென்று ஒரு சத்தம். நான் ஐயோ என்று வாய் திறப்பதற்குள் தகடு இல்லை. சட்டம் மட்டும் நின்றது, ஓரத்தில் கித்தான் புகைந்துகொண்டிருந்தது. சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன்.

அந்தக் காலத்து செல்லுலாய்டுத் தகட்டைக் கற்பூரம் கலந்துதான் செய்வார்களாம், நெருப்புப் பட்டால் நிற்காதாம். மெக்கானிக் பிறகு சொன்னார். வாசனையும் அதனால்தானாம்.

மழை பிடித்துக்கொண்டது. "ஜன்னல் இல்லாட்டி என்னண்ணே, வாங்க, உக்காருங்க, போலாம்" என்று அண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"வேணாம்லா" என்று உள்ளே போய்விட்டார்.

சீட் தைக்கிற அதே கடையில் போய்ப் புது ஜன்னல் செய்து வாங்கி வந்தேன். அண்ணன் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஏறி உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கும் மழை. அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். சடங்கு செய்ய வந்த பெரியவர் தலைமாட்டில் கற்பூரத் தட்டை வைத்து, "கூடப் பொறந்தவதானேம்மா? நீயே ஏத்து" என்று தீப்பெட்டியை நீட்டினார்.

"வேணாங்க" என்றேன்.

"அது எப்பிடிம்மா, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவரு வேணாம்னு சொன்னாருங்க. நான்தான் கேக்கல."