சோபாக்காவின் கடையில் சொல்லக் கூடாத சொல்

சோபாக்காவின் கையில் ஒரு நாற்காலி கிடைத்தால், மறுபேச்சில்லாமல் அதைப் பிரித்துப் போட்டுவிடுவார். "மேல் துணிய மட்டும் மாத்துங்க, போதும்" என்று கொண்டுவந்தவர் கெஞ்சுவார். "உள்ள ஸ்பிரிங் செத்துக் கிடக்கு. மேல பூப்போட்ட துணி எதுக்கு?" என்று அக்கா ஒரு போடு போடுவார். நாற்பத்தொன்பது வயது, தடித்த கண்ணாடி, காதில் செருகிய பென்சில். சோபா தைக்கிற அக்கா என்பதுதான் தேய்ந்து சோபாக்கா ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எதையும் பிரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் ஆறு வருடமாக அப்படித்தான் இருக்கிறார். கடையின் பின்னறைக்கு அன்றைக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். எல்லாரும் பெரியவர்கள். சின்ன வயதில் கூடப் படித்த பிள்ளைகளிடமே அடிபட்டு, அறைகளில் அடைபட்டு, உடம்பு கூசும்படி நடத்தப்பட்டு, அதை வெளியே சொல்லாமலே வளர்ந்துவிட்டவர்கள். பெரியவர்கள் செய்த கொடுமை என்றால் ஊர் கொஞ்சமாவது காது கொடுக்கும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே செய்தது என்றால் சிரித்துத் தள்ளிவிடும். அந்தச் சிரிப்பை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

மனநல ஆலோசகர் ஒருவரும் வாரம் தவறாமல் வருவார். முதல் நாளே அவர் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "உங்க வேலை கேக்கிறது மட்டும். ரிப்பேர் பண்றது இல்ல."

கேட்பது அக்காவுக்குச் சுலபமாக வரவில்லை. ஆனால் அறையை அவர் பார்த்துக்கொண்டார். ஆலோசகர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டபோது, ஒருவர் அடிக்கடி திரும்பிக் கதவைப் பார்ப்பது அக்காவின் கண்ணில் பட்டது. மறுவாரம் எல்லா நாற்காலிகளும் சுவரோரம் போய்விட்டன. யாருடைய முதுகும் கதவுப் பக்கம் இல்லை. அப்படிப் போட்டால் ஒன்பது நாற்காலிதான் பிடிக்கும். நடுவில் ஒரு காரையே நிறுத்தலாம். கதவின் தாழ்ப்பாளையும் அவரே திருகிக் கழற்றிக் குப்பையில் போட்டார். மருத்துவரிடமோ காவல் நிலையத்துக்கோ துணைக்கு வா என்று யாராவது கேட்டால், தைக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புவார். கேட்காதவர்களிடம் போ என்று சொல்ல மாட்டார்.

அந்த அறையில் ஒரு சொல்லுக்கு மட்டும் தடை. விளையாட்டு. "பசங்க ஏதோ விளையாட்டுக்குப் பண்ணியிருப்பாங்க" என்பதைக் கேட்டுக் கேட்டே வாயடைத்துப் போனவர்கள் அங்கே வருகிறவர்கள். தடையைப் போட்டதும் அக்காதான். ஏன் என்று அவருக்குத் தெரியும். அவருடைய தம்பிக்கும் தெரியும்.

தம்பிக்கு இப்போது நாற்பத்து மூன்று. ஆறு வருடத்துக்கு முன் ஒரு லிஃப்டில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு, மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைக்குப் போனான். அங்கேதான் வாயைத் திறந்தான். பள்ளிக்கூடத்தில் மூன்று பையன்கள் ஒரு வருடம் முழுக்க அவனை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டிச் செய்ததெல்லாம் அன்றுதான் அக்காவுக்கும் முழுசாகத் தெரிந்தது. முழுசாக என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பதினோரு வயதில் ஒரு தடவை அவன் அக்காவிடம் வந்து சொல்ல ஆரம்பித்திருந்தான். அக்கா சொன்ன ஒரே சொல்லில் அடங்கிப் போனான்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவனைத் தன் கடையிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். அவனுக்காகத்தான் பின்னறையே. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற அக்காவுக்கு, அவனிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவனும் உள்ளே வந்து உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கிற வேலை கிடையாது. பின்னறையின் பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம், கடையில், அதிகம் சத்தம் வராமல் ஃபோம் வெட்டிக்கொண்டிருப்பான். அவன் ஒரு நாள் அந்தத் தடுப்பைத் தாண்டி வர வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மருந்துக்கடைக்காரர் புதிதாக வந்திருந்தார். ஐம்பது வயது, முறுக்கிய மீசை, மடியில் இறுக்கிப் பிடித்த தோள்பை. வெகுநேரம் கழித்து ஆரம்பித்தார்.

"நாலு பேரு. என் கிளாஸ்தான். ஹாஸ்டல்ல..."

அதற்கு மேல் வரவில்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள். அக்காவால்தான் முடியவில்லை. ஒரு மனிதர் இப்படித் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு ஆகாது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லப் போனார்.

"அவங்களுக்கு அது விளையாட்டா இருந்திருக்கும் சார், ஆனா உங்களுக்கு..."

பாதி வாக்கியத்திலேயே மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "எங்கப்பாவும் இதேதான் சொன்னாரு" என்று பையைத் தோளில் மாட்டினார்.

அக்காவும் எழுந்து நின்றார். நான் சொல்லவந்தது அதில்லை என்று சமாளித்திருக்கலாம். உண்மையும் அதுதான். சமாளிக்கவில்லை. அந்த மனுஷியின் பெருமையே அதுதான்.

"தப்பு என்னுது சார். மன்னிச்சிடுங்க" என்றார். "முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் என்னை நம்பி வந்து சொன்னான். நான் கண்ணாடி முன்னாடி ஜடை பின்னிக்கிட்டிருந்தேன். விளையாட்டுக்குப் பண்ணுவாங்கடா, போடான்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. அவன்கிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்கல. கேக்க தைரியம் வரல."

யார் அந்தப் பையன் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை அவருடையதில்லை.

தடுப்புக்கு அந்தப்பக்கம் ஃபோம் வெட்டும் சத்தம் நின்றது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. தலையெல்லாம் ஃபோம் துகளோடு, வேலை செய்கிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு தம்பி வந்தான். ஒன்பது நாற்காலிக்கு மேல் இடமில்லாத சுவரில் கதவோரமாக ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து, முதுகு சுவரில் படும்படி போட்டு உட்கார்ந்தான்.

"உக்காருங்க சார்" என்றான் மருந்துக்கடைக்காரரிடம். "அந்தப் பையன் நான்தான். எனக்கு முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு வந்த மன்னிப்பு, உங்களுக்கு ரெண்டே நிமிஷத்துல வந்துருச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். அக்கா மட்டும் கதவுக்கு முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றார்.

"அக்கா" என்றான் தம்பி. "இப்பவாவது திரும்பிப் பாரு."

அக்கா திரும்பினார். அதற்குப் பிறகுதான் அவன் சொல்ல ஆரம்பித்தான்.