மாமியார் படித்த மொழியியல்

மொழியியல் துறையில் அவருக்கு 'மைக்' என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். மக்கள் பேசுவதை ஆராய்வது அவர் தொழில். மக்களோடு பேசுவதுதான் அவ்வளவாக வராது.

பேராசிரியராகப் பதவி உயர ஒரு புத்தகம் தேவைப்பட்டது. பேச்சைச் சேகரிக்க ஊர் ஊராக அலையச் சோம்பல். வீட்டிலேயே மனைவி, மனைவியின் தங்கை, மாமியார் மூன்று பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, எதற்கு அலைய வேண்டும்? கருவியைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒட்டிவைத்தார். சில வருடங்களில் 'குடும்ப உரையாடலில் மறுப்பின் இலக்கணம்' தடிமனாக வெளிவந்தது.

வீடே பெருமைப்பட்டது. பிரித்துப் பார்க்க மட்டும் ஆளில்லை. அவரும் அதை நம்பித்தான் எழுதியிருந்தார்.

மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகும் என்று யார் கண்டார்கள்? பார்வை தெளிந்த குஷியில் அந்த அம்மாள் மருந்துச் சீட்டு, சோப்பு உறை, மின்சார பில் என்று அகப்பட்டதையெல்லாம் படித்தார். எல்லாம் தீர்ந்துபோய் மாப்பிள்ளையின் புத்தகத்தில் கை வைத்தார்.

"ஏண்டி, இங்க வா. 'பேசுநர் மூன்று, மூத்த பெண்மணி, மறுப்பை நோயாக மாற்றிச் சொல்லும் உத்தியைக் கையாள்கிறார்.' யாருடி இது?"

மகள் வாங்கிப் பார்த்தாள். கீழே உதாரணம் இருந்தது: 'எனக்கு முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க.'

"இது நீதாம்மா."

மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்று பேரும் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை, எனக்கு நாலே பக்கம். சின்னவளுக்கு முழு அத்தியாயமா?" என்றார் மாமியார்.

"அவங்க மறுப்பு கொஞ்சம் வகை வகையா இருக்கு, அத்தை."

"எனக்கு வகை இல்லையா?"

"பேர் போட்டிருக்கலாம்ல மாமா? பேசுநர் நாலுன்னா என் ஆபீஸ்ல யார் நம்புவா?" என்றாள் தங்கை.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் நிதானமாகத்தான் பார்ப்பாள். ஒரு பக்கத்தைத் திருப்பி வாசித்தாள்.

"'பேசுநர் இரண்டு: எல்லார் முன்னாடியும் மேனேஜர் திட்டிட்டார், நாளைக்குப் போகவே பிடிக்கல. பேசுநர் ஒன்று: ம்.' அந்த 'ம்' நீங்க. அன்னைக்கு நான் அழுதேன். 'குரல் தழுதழுக்கிறது'ன்னு அடிக்குறிப்பு போட்டிருக்கீங்க. இதை எத்தனை தடவை போட்டுக் கேட்டீங்க?"

"பிழையில்லாம எழுதணுமே... ஒரு இருபது தடவை இருக்கும்."

"நேர்ல ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

மறுநாள் நீதித் தத்துவத் துறை நண்பரிடம் யோசனை கேட்கப் போனார். பிறர் சம்மதம் பெறுவது பற்றித் தலையணை அளவுக்கு எழுதியவர் அந்த நண்பர்.

"அனுமதி வாங்கினீங்களா?"

"வாங்கினா இயல்பா பேச மாட்டாங்களே."

"அற்புதமான சிக்கல்!" என்று நண்பர் பேனாவை எடுத்தார். "என் அடுத்த புத்தகத்துல உதாரணமாப் போட்டுக்கறேன்." பதிலுக்குக் காத்திராமல் எழுதத் தொடங்கிவிட்டார்.

வீட்டில் பேச்சே மாறிப்போனது. அவர் தலை தெரிந்தால் போதும், மாமியார் மேடைப் பேச்சாளராகிவிடுவார். "மாப்பிள்ளை, தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?" உள்ளேயிருந்து தங்கை, "சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்!" என்பாள். அடுத்த புத்தகத்துக்கு ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. அவர் கல்வெட்டு ஆராய்ச்சிக்கு மாறினார். கல்லுக்குக் கண் ஆபரேஷன் கிடையாது.

பதவி உயர்வு கிடைத்தது. 'பிறர் பேச்சைக் கூர்ந்து கேட்கும் அரிய பண்பு' என்று தேர்வுக் குழு எழுதியிருந்ததை மனைவி வாய்விட்டுப் படித்தாள். சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வந்த மெஷின் மக்கர் பண்ணுவதைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர் துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தபடி, "அப்புறம்?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எந்தப் புத்தகத்துக்கு?"

"எதுக்கும் இல்ல. சொல்லு."

கையிலிருந்த தட்டை அவரிடம் நீட்டிவிட்டுச் சொன்னாள். மெஷினைப் பற்றி அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரியாததைத் திரும்பக் கேட்டார்.